சைலன்சர் என்ற பெயர் எதற்கு?

தில்லியில் நாம் நாலு தமிழ்க் குடும்பங்கள் ஓரிடத்தில் கூடினால் பேச்சு எங்கெங்கோ சுற்றிக் கடைசியில் காற்று மாசில் வந்து நிற்கும். குளிர்காலம் வந்துவிட்டால் யார் வீட்டில் யாருக்கு இருமல், எந்த டாக்டர் கைராசிக்காரர் என்று விசாரித்துக்கொள்வோம். கண்ணைக் கரிக்கும் புகையைப் பற்றி இவ்வளவு பேசுகிற நாம், காதைத் துளைக்கும் ஓசையைப் பற்றி மட்டும், "இந்த ஊர் அப்படித்தான்" என்று சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறோம். அந்த "அப்படித்தான்" என்ற சொல்லோடு எனக்கு ஒரு வழக்கு உண்டு. அதை வாசகர்கள் முன் வைக்கவே இக்கட்டுரை.

நான் குறிப்பிடுவது கல்யாண ஊர்வல பாண்டு வாத்தியத்தையோ லாரி ஹாரனையோ அல்ல. கம்பெனி பொருத்திக் கொடுத்த சைலன்சரைக் கழற்றி எறிந்துவிட்டு, வெளிக்கடையில் வாங்கிய குழாயை மாட்டிக்கொண்டு, நள்ளிரவில் குடியிருப்புகளை அதிர வைத்துக்கொண்டு போகும் மோட்டார் சைக்கிள்களையும் கார்களையும்தான். இதைத் தடுக்கச் சட்டம் இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. சட்டம் இருக்கிறது. ஆனால் அது தொழிற்சாலையின் வாசலில் காவல் நிற்கிறது. திருடனோ தெருவில் திரிகிறான்.

குழாயின் வேலை என்ன?

இன்ஜினுக்குள் பெட்ரோலும் காற்றும் கலந்து எரியும்போது ஒவ்வொரு முறையும் ஒரு சிறு வெடிப்பு நிகழ்கிறது. ஒற்றை சிலிண்டர் கொண்ட நான்கு ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிள் நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடினால், இரண்டு சுற்றுக்கு ஒன்று வீதம் 1,500 வெடிப்புகள். அதாவது வினாடிக்கு 25. ஒவ்வொரு வெடிப்பின் அழுத்தமும் வெளியேறும் குழாய் வழியாகப் பாய்ந்து வருகிறது. அதை அப்படியே வெளியே விட்டால் துப்பாக்கிச் சூடு போலத்தான் கேட்கும். சைலன்சருக்குள் உள்ள அறைகளும் தடுப்புத் தகடுகளும் துளையிட்ட குழாய்களும் அந்த அழுத்த அலைகளை முன்னும் பின்னுமாக மோதவிட்டு, ஒன்றையொன்று தின்றுவிடச் செய்கின்றன. மிச்சம் இருப்பதுதான் நம் காதுக்கு வருகிறது. சத்தத்தை அடக்குவது என்ற ஒரே காரியத்துக்காகப் படைக்கப்பட்டு, அந்தக் காரியத்தையே பெயராகவும் கொண்ட ஒரு சாதனத்தை, சத்தம் வேண்டும் என்பதற்காகக் கடையில் காசு கொடுத்து வாங்குகிறார்கள் என்பதுதான் வேடிக்கை.

இன்னொரு விஷயத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும். 2020 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த பி.எஸ்.-6 வண்டிகளின் வெளியேற்றுக் குழாயில் நச்சு வாயுக்களைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரும், கலவையைச் சரிபார்க்கும் ஆக்ஸிஜன் சென்ஸாரும் இருக்கின்றன. குழாயை முழுதாக மாற்றும்போது பல இடங்களில் கன்வர்ட்டரும் சேர்ந்தே போய்விடுகிறது. ஆக, காதுக்குக் கேடு விளைவிக்கும் அதே குழாய் நுரையீரலுக்கும் கேடு விளைவிக்கிறது. தில்லிக் காற்றைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் இதைப் பற்றியும் கவலைப்பட்டே தீர வேண்டும்.

சட்டம் சொல்வது

1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 120-ஆவது விதி, ஒவ்வொரு வண்டியிலும் சைலன்சர் இருந்தாக வேண்டும் என்கிறது. ஓசையின் அளவைச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகள் வரையறுக்கின்றன. 2005 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த அளவுகளின்படி, 80 சி.சி. வரையுள்ள இருசக்கர வண்டிக்கு 75 டெசிபல்; 80 முதல் 175 சி.சி. வரை 77, அதற்கு மேல் 80, பயணியர் காருக்கு 74. சோதனைத் தளத்தில் வண்டியை முடுக்கிக்கொண்டு போகும்போது, அதன் பாதையிலிருந்து ஏழரை மீட்டர் தள்ளி மைக் வைத்து அளக்கும் அளவு இது.

டெசிபல் கணக்கு சாதாரணக் கூட்டல் கணக்கு அல்ல. ஒரே மாதிரி இரண்டு வண்டிகள் சேர்ந்து ஓடினால் 3 டெசிபல்தான் கூடும். 10 டெசிபல் கூட வேண்டுமானால் பத்து வண்டிகள் வேண்டும். இதைத் திருப்பிப் பாருங்கள். மாற்றிய குழாயால் ஒரு வண்டியின் ஓசை 10 டெசிபல் கூடினால், அந்த ஒரு பையன் பத்துப் பேராக நம் தெருவில் போகிறான் என்று அர்த்தம்.

குடியிருப்புப் பகுதிகளுக்கு 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்று சராசரி அளவை நிர்ணயித்திருக்கின்றன. இரவு என்பது பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை, அதாவது 28,800 வினாடி. உங்கள் ஜன்னலருகே 80 டெசிபல் ஓசை வெறும் பத்து வினாடி கேட்டதாக வைத்துக்கொள்வோம். அந்தப் பத்து வினாடியின் ஒலியாற்றலை இரவு முழுவதற்கும் பரப்பிக் கணக்கிட்டால் 45 டெசிபல் வந்துவிடுகிறது. ஓர் இரவுக்கு நமக்கு அனுமதிக்கப்பட்ட ஓசை முழுவதையும் ஒரே ஒரு வண்டி பத்து வினாடியில் செலவழித்துவிட்டுப் போய்விடுகிறது! 90 டெசிபல் என்றால் பத்து இரவுகளின் ஒதுக்கீடு.

தண்டனையும் குறைவில்லை. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டம் திருத்தப்பட்டபோது, ஒலி, காற்று மாசு விதிகளை மீறிய வண்டியை ஓட்டினால் முதல் முறைக்கு 10,000 ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம், லைசென்ஸும் மூன்று மாதத்துக்கு ரத்து என்று 190-ஆவது பிரிவில் சேர்த்தார்கள். அனுமதியில்லாமல் வண்டியை மாற்றியமைத்த உரிமையாளருக்கு ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் வரை என்று 182-ஏ பிரிவு சொல்கிறது. சைலன்சரைத் தவிர்த்து வேறு வழியாகப் புகையை வெளியேற்றும் 'கட்-அவுட்' வைத்திருந்தால் அதற்குத் தனி அபராதம். தயாரிப்பாளர் குறிப்பிட்ட அமைப்பிலிருந்து வண்டியை இஷ்டம்போல் மாற்ற முடியாது என்று 2019 ஜனவரியில் கேரள வழக்கொன்றில் உச்ச நீதிமன்றமும் தெளிவுபடுத்தியது. 2021 ஜூலையில் அலகாபாத் உயர் நீதிமன்றத்தின் லக்னோ கிளை, மாற்றிய சைலன்சர்களின் இரைச்சலைத் தானாகவே வழக்காக எடுத்துக்கொண்டது. இவற்றுக்கெல்லாம் முன்பே, 2005 ஜூலையில், பிறர் எழுப்பும் இரைச்சலிலிருந்து விடுபட்டு அமைதியாக வாழ்வதும் அரசியல் சட்டத்தின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது.

ஓட்டை எங்கே?

இவ்வளவு இருந்தும் ஏன் இரவில் தூங்க முடியவில்லை? எனக்குத் தெரிந்து மூன்று காரணங்கள்.

முதலாவது, மேலே சொன்ன 75, 77, 80 எல்லாம் தயாரிப்பு நிலைக்கான அளவுகள். சோதனைத் தளம், குறிப்பிட்ட வேகம், ஏழரை மீட்டர் இடைவெளி, சுற்றுப்புறத்தில் அமைதி ஆகிய இவ்வளவும் வேண்டும். ரிங் ரோட்டில் மாலை ஆறு மணிக்கு நிற்கும் போக்குவரத்துக் காவலர் இதற்கு எங்கே போவார்? ஆகவே அவர் தம் காதையே கருவியாகக் கொள்கிறார். காது நீதிபதியானால் என்ன நடக்கும்? பத்து வருஷ ஸ்கூட்டரில் துருப்பிடித்து ஓட்டை விழுந்த சைலன்சரோடு வேலைக்குப் போகும் எலக்ட்ரீஷியன் மாட்டிக்கொள்வார். பல ஆயிரம் கொடுத்து வெளிநாட்டுக் குழாய் மாட்டியவர், தொலைவில் போலீஸைக் கண்டதும் ஆக்ஸிலரேட்டரைத் தளர்த்திவிட்டு நல்ல பிள்ளையாகக் கடந்து போவார். ஏழ்மையால் வந்த சத்தத்தையும் திமிரால் வந்த சத்தத்தையும் சட்டம் பிரித்தறிய வேண்டாமா?

இரண்டாவது, வருஷத்துக்கு ஒரு முறையாவது நாம் எல்லோரும் பெட்ரோல் பங்கில் பி.யு.சி. சான்றிதழ் வாங்குகிறோம். அங்கே குழாய்க்குள் குச்சியை விட்டுப் புகையை மட்டுமே சோதிக்கிறார்கள். ஓசையைச் சோதிப்பதில்லை. வண்டி அங்கே நிற்கிறது, இன்ஜின் ஓடுகிறது, ஆளும் இருக்கிறார், கம்ப்யூட்டரும் இருக்கிறது. ஒரு மைக்தான் இல்லை!

மூன்றாவது, விற்பவர். 182-ஏ பிரிவு விதிமீறிய வண்டியை விற்கும் தயாரிப்பாளருக்கும் வண்டி வியாபாரிக்கும் ஒரு லட்சம் வரை அபராதம் விதிக்கிறது. சைலன்சர் விற்கும் சாதாரண உதிரிப்பாகக் கடைக்காரரை மனத்தில் வைத்து அது எழுதப்பட்டதாகத் தெரியவில்லை. ஒரு காலத்தில் தமிழ்க் குடும்பங்கள் நிறைந்து, மார்கழியில் வாசலில் கோலம் பார்த்த கரோல்பாக்கில் இன்று மோட்டார் சைக்கிள் அலங்காரச் சாமான்களுக்கென்றே கடைவீதி இருக்கிறது. பஞ்சாப் சைலன்சர், இந்தூர் சைலன்சர் என்று மாம்பழ ரகம் சொல்வதுபோல் சொல்லி விற்கிறார்கள். சில பெட்டிகளில் 'சாலையில் பயன்படுத்துவதற்கு அல்ல' என்று ஒரு வரி பொடி எழுத்தில் இருக்கும். அந்த ஒரு வரி விற்பவரைக் காப்பாற்றிவிடுகிறது. வாங்கிய பையன் அதைக் காட்டிலா ஓட்டப் போகிறான்?

பறிமுதல் செய்த சைலன்சர்களை ரோட்டில் வரிசையாக அடுக்கி, ரோடு ரோலர் ஏற்றி நசுக்கும் படங்களைப் பல ஊர்ப் பத்திரிகைகளில் பார்த்திருப்பீர்கள். பார்க்க மனநிறைவாகத்தான் இருக்கிறது. ஆனால் குழாயைத் தெருவில் நசுக்கிவிட்டுக் கடையைத் திறந்தே வைத்திருப்பது, வீட்டுக்குள் குழாயைத் திறந்துவிட்டுத் தரையைத் துடைப்பது போன்றதுதான்.

நம் வீட்டுப் பிள்ளைகள்

இனி, சற்றுக் கசப்பான விஷயம். இரைச்சலைப் பற்றிப் பேச்சு வந்தால் நம்மில் பலர், "இந்த வடக்கத்திக்காரங்களே இப்படித்தான் சார்" என்று சொல்லி ஒதுங்கிக்கொள்கிறோம். அந்த டுப்... டுப் ஓசைக்குப் பெயர்போன புல்லட், 1955-இல் நம் திருவொற்றியூரில் தொடங்கிய ஆலையிலிருந்து வடக்கே வந்தது என்பதை மறந்துவிடுகிறோம். சென்னைக் கடற்கரைச் சாலையில் ஞாயிறு விடியற்காலையில் நின்று பாருங்கள், இது எந்த மொழிக்காரரின் வியாதியும் அல்ல என்பது விளங்கும்.

எங்கள் அடுக்ககத்திலேயே ஒரு தமிழ்ப் பையன். நல்ல பிள்ளை. கல்லூரியில் மூன்றாம் வருஷம். நம் சங்கத்துப் பொங்கல் விழாவில் பந்தி பரிமாறுகிறவன். அவன் வண்டிதான் இரவு பதினொன்றரை மணிக்கு உள்ளே வரும். சாவியை அணைத்துப் போட்டு, எரியாத பெட்ரோலைச் சூடான குழாய்க்குள் தேக்கி, மறுபடி சாவியைத் திருப்பிப் பட்டாசு போல வெடிக்க வைக்கும் வித்தையும் கற்றிருந்தான். என் தாயாருக்கு வயது எண்பத்தாறு. பக்கவாதம் வந்தபின் தூக்கம் வருவதே அபூர்வம். அந்த ஒரு வெடிக்கு உடம்பு தூக்கிப்போட்டு விழித்தால், பிறகு விடியும்வரை யாரோ வாசலில் கூப்பிடுவதாகச் சொல்லிக்கொண்டே இருப்பார்கள்.

போலீஸுக்கு ஒரு போன் போதும். ஆனால் பத்தாயிரம் அபராதம், மூன்று மாதம் லைசென்ஸ் ரத்து என்று ஆன பிறகு, அந்தக் குடும்பத்தோடு லிஃப்டில் எப்படி நிற்பது? அயலூரில் இருக்கிற நமக்கு இந்தச் சங்கடம் இரட்டிப்பு. ஆகவே பையனின் தகப்பனாரிடம் பேசினேன்.

"இந்த ஊர்ல எல்லாப் பசங்களும் அப்படித்தான் சார் ஓட்டறாங்க. நம்ம பையனை மட்டும் என்ன சொல்றது? காலேஜ்ல கேலி பண்றாங்களாம்" என்றார் அவர்.

பையனையே கூப்பிட்டு, மேலே வந்து பாட்டியைப் பார்த்துவிட்டுப் போ என்றேன். வந்தான். பாட்டி அவனை யாரென்று புரியாமல், "சாப்பிட்டியாப்பா?" என்று கேட்டார்கள். அவன் ஒன்றும் பேசாமல் நின்றான். "சாரி அங்கிள்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான். அடுத்த நாளிலிருந்து கேட்டுக்கு வெளியிலேயே இன்ஜினை அணைத்து, வண்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தான். கம்பெனி சைலன்சர் அவர்கள் வீட்டுப் பரணில் பழைய வேட்டியில் சுற்றி பத்திரமாக இருக்கிறதாம். வண்டியை விற்கும்போதும் சோதனையின்போதும் மாட்டிக்கொள்ள வேண்டும் அல்லவா?

எங்களுக்கு நிம்மதிதான். ஆனால் யோசித்துப் பார்த்தால் இது தீர்வே அல்ல. அவன் கேட் தாண்டியதும் சாவியைத் திருப்புகிறான். அடுத்த தெருவிலும் யார் வீட்டிலோ ஒரு பாட்டி படுத்திருக்கிறார். அந்தப் பாட்டியைப் போய்ப் பார்க்க அவனை யார் கூப்பிடுவார்கள்? அறிமுகம் இருக்கிற இடத்தில் தயவு வேலை செய்யும். அறிமுகம் இல்லாத இடத்தில் சட்டம்தான் வேலை செய்ய வேண்டும். பல லட்சம் பேர் ஒருவரையொருவர் அறியாமல் வாழும் நகரத்துக்குச் சட்டம் தேவைப்படுவதே இதற்காகத்தான்.

பிள்ளைகள் சொல்லும் நியாயங்கள்

'சத்தம் கேட்டால்தான் கார்க்காரன் ஒதுங்குவான், உயிருக்குப் பாதுகாப்பு' என்கிறார்கள். குழாயின் வாய் பின்பக்கம் பார்த்திருக்கிறது. பெரிய ஆபத்து முன்பக்கமிருந்து வருகிறது. பாதுகாப்புத்தான் நோக்கம் என்றால் ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள ஹெல்மெட் அதைவிட மலிவு. 'வண்டிக்குச் சக்தி கூடும்' என்பது இன்னொன்று. வெறும் குழாயை மட்டும் மாற்றினால் கிடைக்கும் சக்தி மிகச் சொற்பம். எரிபொருள் அளவையும் அதற்கேற்பத் திருத்தாவிட்டால் இன்ஜின் சூடேறுவதுதான் மிச்சம். உண்மையான காரணம் இவை இரண்டுமே அல்ல. நாலு பேர் திரும்பிப் பார்க்க வேண்டும் என்ற ஆசை. இருபது வயதில் அது இயற்கைதான். ஆனால் நிறைகுடம் தளும்பாது என்று நாம் சொல்லி வளர்க்கவில்லையா?

"நம் கோயில் திருவிழா ஒலிபெருக்கி மட்டும் என்ன வாழ்கிறது?" என்று அவர்கள் திருப்பிக் கேட்டால், அது நியாயமான கேள்வி. இரவு பத்து முதல் காலை ஆறு வரை வெளியிடங்களில் ஒலிபெருக்கி கூடாது என்று அதே 2000-ஆம் ஆண்டு விதிகள்தான் சொல்கின்றன. பிள்ளைகளுக்குச் சொல்லும் புத்தியை நம் விழாக் குழுக்களும் கேட்டுக்கொள்ளத்தான் வேண்டும்.

என்ன செய்யலாம்?

பிற நாடுகள் இதற்கு எளிய வழி கண்டிருக்கின்றன. கலிபோர்னியாவில் வெளிக்கடைக் குழாய் மாட்டவே கூடாது என்று சொல்லவில்லை. சாதாரணக் கார்களுக்கு நின்ற நிலையில், குழாய் வாயிலிருந்து அரை மீட்டர் தள்ளி மைக் வைத்து அளந்தால் 95 டெசிபலைத் தாண்டக்கூடாது என்று வரையறுத்திருக்கிறார்கள். ஐரோப்பிய நாடுகளில் வண்டியின் பதிவுச் சான்றிலேயே யு.1 என்ற கட்டத்தில், நின்ற நிலையில் அந்த வண்டி எழுப்பும் ஓசை எத்தனை டெசிபல் என்றும், யு.2 என்ற கட்டத்தில் எத்தனை சுற்று வேகத்தில் அதை அளந்தார்கள் என்றும் குறிப்பதற்கு இடம் உண்டு. காவலர் அந்த எண்ணைப் பார்த்து, அதே வேகத்தில் இன்ஜினை ஓடவிட்டு அளந்தால் விஷயம் முடிந்தது. காதின் தீர்ப்பு இல்லை, வாக்குவாதமும் இல்லை. பாரீஸில் 2022-இல் மைக்கும் கேமராவும் சேர்ந்த ஒலி ராடார்களையே தெருக்களில் வைத்துச் சோதித்தார்கள். அவ்வளவு தூரம் நாம் போகாவிட்டாலும் நான்கு காரியங்கள் செய்யலாம் என்பது என் தாழ்மையான கருத்து.

ஒன்று, நின்ற நிலை ஓசை அளவை நம் ஆர்.சி. புத்தகத்திலும் அச்சிட வேண்டும். இரண்டு, பி.யு.சி. மையங்களில் புகையோடு ஓசையையும் அளந்து, மீறினால் சான்றிதழை நிறுத்த வேண்டும். துருப்பிடித்த சைலன்சர்க்காரருக்கு மாற்றிக்கொள்ள இரண்டு வாரம் அவகாசம் கொடுக்கலாம். வேண்டுமென்றே மாற்றியவருக்கு அவகாசம் தேவையில்லை. மூன்று, அளவுச் சான்று இல்லாத சைலன்சரை விற்பதையும் பொருத்துவதையும் குற்றமாக்கி, அபராதத்தின் பெரும்பங்கைக் கடைக்காரர் தலையில் வைக்க வேண்டும். நான்கு, பள்ளி, மருத்துவமனை, நீதிமன்றங்களைச் சுற்றி நூறு மீட்டர் அமைதி மண்டலம் என்று அறிவித்த இடங்களிலாவது ஒலியளவுக் கருவியோடு ஆட்களை நிறுத்த வேண்டும்.

இதெல்லாம் நடக்கிற காரியமா என்று கேட்கலாம். இதே தில்லியில் டீசல் பேருந்துகள் கரும்புகை கக்கிக்கொண்டு ஓடியதை நம்மில் மூத்தவர்கள் அறிவோம். 1998 ஜூலையில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டபோது முடியவே முடியாது என்றார்கள். 2002 முடிவதற்குள் நகரப் பேருந்துகள் முழுவதும் சி.என்.ஜி.க்கு மாறின. முடியாது என்பது பெரும்பாலும் மனமில்லை என்பதற்கு இன்னொரு பெயர்.

அரசு செய்யும்வரை காத்திருக்காமல் நாம் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. மகனுக்கு வண்டி வாங்கிக் கொடுப்பதும் பெட்ரோல் காசு கொடுப்பதும் பெரும்பாலும் பெற்றோர்தான். ஆர்.சி. புத்தகத்தில் தகப்பனார் பெயர் இருந்தால், மாற்றியமைத்ததற்கான அபராதமும் அவர் பெயரில்தான் வரும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கீழே இறங்கிப் போய் உங்கள் வீட்டு வண்டியின் குழாயை ஒரு முறை பாருங்கள். கம்பெனி சைலன்சர் பரணில் இருந்தால், அதை இறக்கி மாட்டச் சொல்லுங்கள். மெக்கானிக்குக்கு அரை மணி நேர வேலை.